கருத்தடை மருத்துவத்தை யார் கற்கிறார்கள், எங்கே கற்கிறார்கள்?
வாசகர் கேள்விகளுக்கு மகளிர் நல மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை முறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் மருத்துவரின் பயிற்சியைப் பற்றியே கேட்டிருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுநிலை மாணவர்களோடு பிரசவ அறையில் நின்றவள் என்ற முறையில், எனக்கும் நெடுநாளாக மனத்தில் இருந்த விஷயம் இது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். குடும்ப நலம், இனப்பெருக்க ஆரோக்கியம் ஆகியவற்றில் சிறப்பு மருத்துவராக விரும்புகிறேன். எந்தப் படிப்பில் சேர வேண்டும், டாக்டர் அம்மா?
— பயிற்சி மருத்துவர், மதுரை

மகளே, உன் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததுதான் என் வருத்தம். உலகிலேயே முதன்முதலாக, 1952-இல், குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் தேசியத் திட்டமாக அறிவித்த நாடு நம்முடையது. ஆனால் அந்தத் துறையின் பெயரைத் தாங்கிய ஒரு சிறப்புப் பட்டம் இன்றுவரை நம்மிடம் இல்லை. மூன்று ஆண்டு எம்.எஸ். மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவம், அல்லது அதற்கு இணையான டி.என்.பி., இவையே வாசல். அதற்கு மேல் 'ரீப்ரொடக்டிவ் மெடிசின்' (இனப்பெருக்க மருத்துவம்) என்ற பெயரில் இரண்டு ஆண்டு எஃப்.என்.பி. பயிற்சியும், சில நிறுவனங்களில் மூன்று ஆண்டு எம்.சி.ஹெச். படிப்பும் உள்ளன. பெயரைப் பார்த்து இனப்பெருக்க ஆரோக்கியம் முழுவதும் அதற்குள் அடங்கும் என்று எண்ணிவிடாதே. அங்கே கற்பிக்கப்படுவது பெரும்பாலும் குழந்தையின்மை சிகிச்சை. குழந்தை வேண்டும் என்று வருகிறவளுக்கு உயர்சிறப்பு மருத்துவர் இருக்கிறார். இப்போது வேண்டாம் என்று வருகிறவளுக்கு அப்படி ஒருவர் இல்லை.

கருத்தடைக்குத் தனிச் சிறப்புப் பயிற்சி எதற்கு, மாத்திரை எழுதுவதும் காப்பர்-டி வைப்பதும்தானே என்று என்னிடம் சக மருத்துவர்களே கேட்டதுண்டு. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணை எண்ணிப் பார். அந்த மருந்து கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பமே அவள் இதயத்துக்குப் பெருஞ்சுமை. வழக்கமான ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தக் கட்டியைத் தூண்டும் என்பதால் அதையும் கொடுக்கக் கூடாது. காப்பர்-டி வைத்தால், ரத்தம் உறையாத உடலில் மாதவிலக்குப் பெருக்கெடுக்கலாம். வலிப்பு நோய்க்குக் கார்பமசெபைன் எடுக்கும் பெண்ணுக்கு வேறு கணக்கு: அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். எந்த நோயுள்ளவருக்கு எந்த முறை பொருந்தும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தி அட்டவணையாகவே தந்திருக்கிறது. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணோடு சேர்ந்து முடிவெடுக்கும் திறமைதான் இந்தத் துறையின் சாரம்.

பிற நாடுகள் இதை உணர்ந்து தனித் துறையாக்கின. இங்கிலாந்தில் 2010 முதல் சமூக அளவிலான பாலியல், இனப்பெருக்க ஆரோக்கியம் தனிச் சிறப்புத் துறையாக உள்ளது. பயிற்சிக் காலம் ஆறு ஆண்டுகள். அமெரிக்காவில் 1991-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் தொடங்கிய பயிற்சி, 2018-இல் 'காம்ப்ளெக்ஸ் ஃபேமிலி பிளானிங்' (சிக்கலான நிலைகளில் குடும்பக் கட்டுப்பாடு) என்ற பெயரில் உட்சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. நான்கு ஆண்டு மகப்பேறு மருத்துவப் பயிற்சிக்குப் பிறகு, இது மேலும் இரண்டு ஆண்டுகள். நம் நாட்டிலும் அது வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை நீ எம்.எஸ். சேர்ந்து, அந்த மூன்று ஆண்டுகளில் குடும்ப நலப் பிரிவை ஓய்வெடுக்கும் இடமாக எண்ணாமல், உன் சொந்தத் துறையாக எண்ணிக் கற்றுக்கொள்வதே வழி.

கேள்வி: என் மருமகளுக்குப் பிரசவமானதும் வைத்த காப்பர்-டி இருபது நாளில் தானாக வெளியே வந்துவிட்டது. வைத்தவர் இளம் மருத்துவர். சரியான பயிற்சி இல்லாதவர்களை வைத்து இதைச் செய்கிறார்களா?
— வாசகி, திருவண்ணாமலை

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த இளம் மருத்துவர்மீது உடனே பழி போட்டுவிட முடியாது. பிரசவத்தை ஒட்டி வைக்கப்படும் காப்பர்-டி, ஆறு வாரம் கழித்து வைக்கப்படுவதைவிட அதிகமாகவே நழுவும். மிகத் தேர்ந்த கைகளிலும் இது நடக்கும். ஆனாலும் நழுவும் வாய்ப்பைக் குறைப்பது பயிற்சிதான்.

நஞ்சுக்கொடி வெளியேறிய பத்து நிமிடத்துக்குள், அல்லது பிரசவமான 48 மணி நேரத்துக்குள் இதை வைக்க வேண்டும். அது தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கருப்பை தொப்புள் உயரத்துக்கு, தளர்ந்து பெரிதாக இருக்கும். அதன் கீழ்ப்பகுதி முன்பக்கமாக மடங்கிக் கிடக்கும். வழக்கமாகக் காப்பர்-டியோடு வரும் மெல்லிய குழாய் அந்த உயரத்தை எட்டாது. ஆகவே கெல்லி இடுக்கி எனப்படும் நீண்ட வளைந்த இடுக்கியில் காப்பர்-டியைப் பிடித்து உள்ளே செலுத்துகிறோம். கற்றுக்கொள்பவர்கள் தவறு செய்வது அந்த மடிப்பில்தான். இடுக்கி அங்கே தட்டியதும் கருப்பையின் உச்சியைத் தொட்டுவிட்டோம் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். அப்படிப் பாதி வழியில் விடப்பட்ட காப்பர்-டிதான் இரண்டு மூன்று வாரங்களில் வெளியே வருகிறது. நான் மாணவர்களின் இடது கையை எடுத்துத் தாயின் வயிற்றில் வைத்து, கருப்பையை மேல்நோக்கித் தள்ளச் சொல்வேன். மடிப்பு நிமிரும். பிறகு வலக்கையில் உள்ள இடுக்கியைத் தொப்புளை நோக்கிச் செலுத்தினால், உச்சியைத் தொடும்போது அந்தத் தட்டல் வயிற்றின் மேலிருக்கும் இடது கைக்குத் தெரியும். அது தெரிந்த பிறகுதான் இடுக்கியைத் திறக்க வேண்டும். வெளியே எடுக்கும்போதும் இடுக்கியை முழுக்க மூடிவிடக் கூடாது. மூடினால் வைத்ததையே மீண்டும் இழுத்துக்கொண்டு வரும். முதல் முறை அந்தத் தட்டலை உணர்ந்த மாணவியின் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் அலுத்ததில்லை.

இவையெல்லாம் முதலில் பிரசவித்த கருப்பையின் வடிவில் செய்த மாதிரியில் பழகப்பட வேண்டும். மாதிரியில் ஒவ்வொரு படியும் சரிபார்ப்புப் பட்டியலின்படி தேறிய பிறகே, மூத்தவரின் மேற்பார்வையில் தாய்மாருக்குச் செய்ய வேண்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, கருப்பையில் தொற்று இருந்தாலோ, ரத்தப்போக்கு கட்டுப்படாமல் இருந்தாலோ வைக்கவே கூடாது என்பதையும் அந்தப் பயிற்சியிலேயே மனத்தில் பதியவைக்க வேண்டும். உங்கள் மருமகள் விரும்பினால் ஆறு வாரம் கழிந்ததும் மீண்டும் வைத்துக்கொள்ளலாம். 380ஏ வகை என்றால் பத்து ஆண்டு வரை பயன் தரும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது. அவரிடம் முன்கூட்டியே கேட்டுத்தான் வைத்தார்களா? மாதப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டிய விஷயம் இது. இடுப்பு வலியின் உச்சத்தில் இருப்பவளிடம் வாங்கும் தலையசைப்பை ஒப்புதலாக நான் கொள்வதில்லை.

கேள்வி: காப்பர்-டியை எடுக்கச் சொல்லி மூன்று முறை போனேன். "இன்னும் வருஷம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுக்கத் தெரியாதா, எடுக்க மாட்டார்களா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சகோதரி, எடுக்க அவர்களுக்குத் தெரியும். எடுப்பது உங்கள் உரிமை. அதற்குக் காரணம்கூட நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. காப்பர்-டியின் நூல் தெரிந்தால் ஓரிரு நிமிட வேலை. நூல் மேலே சுருண்டிருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வேறு கருவி கொண்டு எடுக்க வேண்டும்; அதற்கு மட்டுமே சற்றுத் தேர்ச்சி தேவை.

நான் முதுநிலை மாணவியாக இருந்தபோது, ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இப்படித்தான் ஒரு பெண்ணை நானே திருப்பி அனுப்பினேன். அவள் என் மேசையருகே நின்றுகொண்டு, "வைக்கும்போது உட்காரச் சொன்னீங்க, எடுக்கச் சொன்னா நிக்க வச்சே பேசறீங்க" என்றாள். எங்கள் பதிவேட்டில் வைத்தவற்றுக்கு ஒரு பத்தி இருந்தது, எடுத்தவற்றுக்கு இல்லை. பயிற்சி நோட்டிலும் அப்படியே. எண்ணப்படாத வேலையை நாங்கள் வேலையாகவே கருதவில்லை. ஆசிரியரானபின் என் மாணவர்களின் நோட்டில் நான் முதலில் சேர்த்த பத்தி அதுதான். நீங்கள் வேறொரு அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குச் சென்று, "எனக்கு எடுத்துவிட வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் எம்.பி.பி.எஸ். மருத்துவர் நான். குடும்ப நல அறுவை சிகிச்சை செய்ய எனக்கு அனுமதி உண்டா? சிறப்புப் பட்டம் கட்டாயமா?
— மருத்துவர், இராமநாதபுரம்

மினிலேப் எனப்படும் சிறு கீறல் முறையையும், ஆண்களுக்கான தழும்பில்லா வாசக்டமியையும் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் செய்யலாம். வயிற்றுக்குள் பார்க்க உதவும் குழாய்க் கருவியான லேப்ராஸ்கோப் வழியாகச் செய்வதற்கு மகளிர் மருத்துவத்திலோ பொது அறுவை சிகிச்சையிலோ முதுநிலைத் தகுதி வேண்டும். அதோடு அந்தக் கருவியில் தனிப் பயிற்சியும் வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. மாவட்டத் தர உறுதிக் குழு உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்.

இத்தனை நிபந்தனைகளும் சும்மா வந்தவையல்ல. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக் கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. அந்த நாட்களில் அங்கே நடந்த முகாம்களையடுத்து 13 பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் இளம் தாய்மார்கள். அதைச் செய்தவர் பயிற்சியில்லாதவர் அல்லர். ஆயிரக்கணக்கில் செய்து பழகியவர். ஒரு பெண்ணுக்குப் பயன்படுத்திய லேப்ராஸ்கோப்பைக் கிருமி நீக்கக் கரைசலில் ஊறவைக்க நேரம் வேண்டும். கையுறை மாற்ற வேண்டும். ஒவ்வொருவரின் நாடித்துடிப்பையும் பார்க்க வேண்டும். 83 பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு இவற்றை யாராலும் செய்ய முடியாது. ஆகவே பயிற்சி என்றால் எத்தனை செய்தீர்கள் என்ற எண்ணிக்கைதான் என்று நினைக்கும் பழக்கத்தையே நான் அஞ்சுகிறேன். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிடும்படி உத்தரவிட்டது.

தம்பி, நீங்கள் மினிலேப் கற்றுக்கொள்ளுங்கள். பிரசவமான ஏழு நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சிறு கீறலில், அதிகக் கருவிகள் இல்லாமல் செய்யக்கூடியது அது. உங்கள் ஊர் தாய்மார் பேருந்து ஏறி மாவட்டத் தலைமையிடம் போகத் தேவையிராது. முப்பதாவது பெண் வரும்போது உங்கள் கை சோர்ந்திருந்தால், இருபத்தொன்பதோடு நிறுத்துவதற்கும் துணியுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மனைவிக்கு ரத்தசோகை இருப்பதால் நான் ஆபரேஷன் செய்துகொள்ள முன்வந்தேன். "ஆண்களுக்குச் செய்கிற டாக்டர் இங்கே இல்லை" என்றார்கள். ஏன் இப்படி?
— ஆசிரியர், கரூர்

உங்கள் முடிவுக்கு முதலில் என் வணக்கம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 0.3 விழுக்காடு. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் சுமார் 63,000 ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976–77-இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பான்மை ஆண்களுக்கு, பலருக்கு வற்புறுத்தலின் பேரில். அந்த அச்சம் ஒரு தலைமுறையையே விலக்கிவிட்டது. ஆண்கள் வராததால் மருத்துவக் கல்லூரிகளில் செய்து காட்ட ஆள் இல்லை. செய்து காட்டாததால் கற்றவர் இல்லை. கற்றவர் இல்லாததால், உங்களைப் போல் வருகிறவரையும் திருப்பி அனுப்புகிறார்கள். மகளிர் மருத்துவர்கள் இதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை, அறுவை சிகிச்சைப் பிரிவினருக்கு இது மிகச் சிறிய வேலை. இரண்டு துறைகளுக்கும் நடுவே இது விழுந்து கிடக்கிறது.

சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974-இல் வகுத்த தழும்பில்லா முறையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. மூன்று விரல்களால் விந்துக் குழாயைத் தோலுக்கு அடியில் அசையாமல் நிறுத்திப் பிடிப்பதுதான் கற்க வேண்டிய வித்தை. அது கைவந்துவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, கூரிய நுனியுள்ள சிறு இடுக்கியால் ஒரு துளையிட்டு முடித்துவிடலாம். இரண்டு நாளில் பள்ளிக்குப் போகலாம். ஒரு வாரம் கனமான பொருள் தூக்க வேண்டாம். ஆண்மை குறையாது, ஏனெனில் ஹார்மோன் சுரப்பைத் தொடுவதே இல்லை. ஆனால் மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும். அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியான பின்பே நம்பலாம். மாவட்டத்தின் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் எங்கே, எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள்.

கேள்வி: கருக்கலைப்பு எல்லா மகளிர் மருத்துவரும் செய்யலாமா? சட்டம் பயிற்சியைப் பற்றி என்ன சொல்கிறது? திருமணமாகாத பெண் என்றால் மறுக்கலாமா?
— கல்லூரி விரிவுரையாளர், சேலம்

1971-ஆம் ஆண்டுச் சட்டம், யார் செய்யலாம் என்பதைப் பயிற்சியைக் கொண்டே வரையறுத்தது. மகளிர் மருத்துவத்தில் முதுநிலைத் தகுதி பெற்றவர்களுக்கு அனுமதி உண்டு. அது இல்லாத மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் 25 கருக்கலைப்புகளில் உதவியாக இருந்து, அவற்றில் ஐந்தையாவது தாமே செய்திருந்தால், 12 வாரம் வரை செய்யலாம். மாத்திரை மூலம் 9 வாரம் வரை செய்வதற்கு, மேற்பார்வையில் பத்துப் பேருக்குச் செய்த அனுபவம் போதும் என்று 2021 விதிகள் இலகுவாக்கின. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் இருப்பவர்களுக்கு 24 வாரம் வரை, இரு மருத்துவர் கருத்துடன் செய்யலாம். திருமணமாகவில்லை என்பது மறுக்கக் காரணமாகாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே வேண்டும். கணவர், தந்தை எவர் கையெழுத்தும் தேவையில்லை.

சட்டம் மாறிய அளவுக்குக் கைப்பழக்கம் மாறவில்லை என்பதே என் குறை. சுரண்டி எடுக்கும் 'டி அண்ட் சி' முறையைக் கைவிட்டு, உறிஞ்சி எடுக்கும் முறைக்கு மாறும்படி உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்கிறது. அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். கையால் இழுக்கும் ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்ச் போதும். இருந்தும், தான் கற்றதையே கற்பிக்கும் ஆசிரியர்களால் பழைய முறை வாழையடி வாழையாகத் தொடர்கிறது.

கேள்வி: செயற்கைக் கருத்தரிப்பு மையத்து மருத்துவர் உண்மையிலேயே பயிற்சி பெற்றவரா என்று எப்படி அறிவது?
— வாசகி, கோயம்புத்தூர்

2021-இன் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழை அங்கேயே பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். மகளிர் மருத்துவர், முதுநிலைத் தகுதியோடு, தேர்ந்தவரின் மேற்பார்வையில் 50 முறை கருமுட்டை எடுத்த பதிவு உடையவராகவோ, அத்துறையில் உயர்சிறப்புப் பயிற்சியும் அனுபவமும் உள்ளவராகவோ இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்; பயிற்சி பெற்றவர் கோபப்பட மாட்டார்.

கேள்வி: எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அறுவை சிகிச்சையெல்லாம் கற்றுத் தருகிறார்கள். ஆனால் கருத்தடை பற்றி ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று எவரும் கற்றுத் தரவில்லை. இதை எங்கே கற்பது?
— முதுநிலை மாணவி, சென்னை

இந்தக் கடிதத்துக்காகவே இத்தனை பக்கங்களையும் எழுதினேன் என்று சொல்லலாம்.

2017 முதல் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்னும் கருத்தடை ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். போட்ட பெண்களில் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறும், பிறகு நின்றே போகும். அது ஆபத்தில்லை. ஆனால் நம் ஊரில், மாதவிலக்கு நின்றால் கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும் என்று நம்பாத குடும்பம் குறைவு. ஊசி போடுவதை அரை நிமிடத்தில் கற்றுக்கொண்ட மருத்துவர், இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், அவள் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டாள். ஆறேழு மாதம் கழித்துக் கர்ப்பத்தோடு வருவாள். காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயப்படுகிறவளிடம் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதால் பயன் இல்லை. காகிதத்தில் கருப்பையை வரைந்து, அது மேலே மூடிய பை என்று காட்டினால், அவளே "அப்போ எங்கே போகும்?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இதைக் கற்கச் சிறந்த ஆசிரியர்கள் உங்கள் பேராசிரியர்கள் அல்லர்; கிராம சுகாதார செவிலியர்கள்தான். யார் வீட்டில் மாமியார் முடிவெடுக்கிறார், யார் கணவர் வெளிநாட்டிலிருந்து தீபாவளிக்கு வருகிறார், எவளுக்கு 'சாயா' என்னும் கருத்தடை மாத்திரை மறந்துபோகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில், மருத்துவர் சௌந்தரம் அம்மையாரின் முயற்சியால் 1964-இல் உருவான ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனம் அத்தகைய பணியாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயிற்சி தந்து வருகிறது. முதுநிலை மாணவர்களையும் அங்கே சில நாட்கள் அனுப்ப வேண்டும் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இப்போது உங்களுக்கெல்லாம் மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணி கட்டாயமாகியிருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாள், அனுமதி பெற்று, ஒரு செவிலியரோடு வீடு வீடாக நடந்து பாருங்கள்.

வார்டிலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நீங்கள் விளக்கிச் சொல்லி முடித்து, அந்தப் பெண் கையெழுத்திடப் பேனாவை எடுக்கும்போது, ஒரு கணம் நிறுத்தி, "வீட்டுக்குப் போனதும் உங்க அக்கா கேட்டா, என்ன செஞ்சிருக்காங்கன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவள் தன் சொற்களில் சரியாகச் சொன்னால் கையெழுத்து வாங்குங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால், படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்குங்கள்.